சடகோபனுக்கு வர வேண்டிய மூன்று நாள்

சடகோபன் வீட்டில் யாராவது செத்தால்தான் அவனுக்கு லீவு.

கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். திருவள்ளூரில் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணும் குடும்பங்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பெருமாளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடிவதற்குள் வெண்பொங்கல் இறங்கியாக வேண்டும், உச்சிக்கு முன் தயிர்சாதம், விளக்கு வைத்ததும் சுண்டல். அப்பா, அண்ணன் ரங்கா, சடகோபன் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றார்கள். ஒருத்தனுக்கு ஜுரம் வந்தால் மற்ற இருவரும் இழுத்துப் பிடித்தார்கள். ஜுரம் இல்லாமல், சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்று கேட்டவன் அந்தக் குடும்பத்தில் அதுவரை ஒருத்தனும் இல்லை.

தாயாதி வகையில், அதாவது ஆண்வழிப் பங்காளிகளில், ஒரு சாவு விழுந்தால் மட்டும் பத்து நாள் தீட்டு. அந்தப் பத்து நாளும் கோயில் படியை மிதிக்கக் கூடாது. வேறு குடும்பத்தார் வந்து கரண்டியைப் பிடிப்பார்கள். அப்போதுதான் சடகோபனின் கை சும்மா இருக்கும்.

1972ஆம் வருஷம் அவனுக்கு இருபத்து மூன்று வயது. கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது குடம் தண்ணீர் இறைப்பது அவன் வேலை. ஈர வேட்டியோடு இறைக்க வேண்டும், வழியில் யார் மேலும் படக் கூடாது. சைக்கிள் கடைக் காலண்டரில் ஒகேனக்கல் அருவியின் படத்தைப் பார்த்த அன்று, யாரும் இழுக்காமல் தானாக விழும் தண்ணீரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதோடு அங்கே பெருமாள் கோயில் இல்லை என்று யாரோ சொன்னார்கள். அவனுக்கு அது இன்னும் பிடித்துப் போயிற்று.

கூடப் படித்த பாக்கியராஜ் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிட்டர். சாயங்காலங்களில் ஸ்டேஷன் வாசல் டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து பழைய ரயில்வே கைடு ஒன்றைப் புரட்டுவார்கள். சடகோபன் வெளியில் டீ குடிக்க மாட்டான். கைடைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை.

"சாயங்காலம் பாசஞ்சரைப் பிடிச்சா ஜோலார்பேட்டை. அங்கேயே பெஞ்சுல படுத்துண்டா லாட்ஜ் வேண்டாம். கார்த்தால திருப்பத்தூர், தர்மபுரி, பென்னாகரம்னு பஸ் மாறிண்டே போனா மத்தியானம் அருவி," என்றான் சடகோபன்.

"ராத்தங்க?"

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிடறேன்."

அவனுடைய ஜனங்களுக்கு ஊர் சுற்ற அதிகம் செலவாகாது. எந்த ஊரிலும் ஒரு மடம் இருக்கும், தூரத்துச் சொந்தம் இருக்கும், கோயில் பிரசாதம் இருக்கும். தீட்டுக்காரனுக்கு இந்த மூன்று கதவும் சாத்தியிருக்கும். லீவு இருக்கும்போது போக இடம் கிடையாது; இடம் இருக்கும்போது லீவு கிடையாது. அதனால்தான் பாக்கியராஜ் வேண்டியிருந்தது.

"எந்தங்கச்சி ஊட்டுக்காரரு பென்னாகரத்துல டீக்கடை வெச்சிக்கினு கீறாரு. கடைப் பரண்ல படுத்துக்கலாம். ஆனா நீ அவங்க ஊட்ல கை நனைப்பியா?"

"நான் புளிக்காய்ச்சல் கொண்டு வரேன். ஒரு வாரமானாலும் கெடாது. சாதம் மட்டும் வடிச்சுண்டா போதும்."

"சோறு எந்தங்கச்சி வடிச்சா?"

சடகோபன் யோசித்தான். "அதை நானே வடிச்சுக்கறேனே."

"அருவியில நீயே குளிச்சிக்குவியா, இல்ல அதுக்கும் உங்கப்பாரு வந்து தண்ணி மொண்டு ஊத்தணுமா?"

கடைக்காரரும் சிரித்தார். பாக்கியராஜ் கிளாசைக் கீழே வைத்தான். "எல்லாம் சரிடா. லீவு?"

சடகோபன் கைடை மூடினான்.

"உங்க ஊட்ல யாராவது போவணும், அவ்ளோதானே? யாரு கீறாங்க, சொல்லு. கிட்டத்துல யாரு?"

"சும்மா இருடா."

சும்மா இருக்கச் சொன்னானே தவிர, மனசு பங்காளி வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பொன்னேரியில் போய் நின்றது. அங்கே ஆராவமுதன் இருந்தார். அப்பாவின் சித்தப்பா பிள்ளை. சடகோபனுக்குப் பெரியப்பா முறை. கூட்டுறவு பாங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. ஒரே பிள்ளை கோபால் பிலாய் இரும்பாலையில் வேலை பார்த்தான். தை மாதம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது என்று கேள்வி.

பங்குனியில் ஒரு நாள், சந்தைக்கு நல்ல புளி வந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சடகோபன் பொன்னேரிக்குப் போனான். அவரை அதற்கு முன் அவன் நாலைந்து கல்யாணங்களில் பார்த்திருந்தான், அவ்வளவுதான். எவ்வளவு நாள் தாங்குவார் என்று பார்த்து வரத்தான் போனான். இதை மழுப்பிச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள செங்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். பழவேற்காட்டு ஏரிப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் ஆயாவாக இருந்து வேலை கற்றவள். எழுதப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். சடகோபன் உள்ளே வந்ததும் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"நல்ல நேரத்துக்கு வந்த. தோளைப் புடி. தூக்காத, என் பக்கமா சாய்ச்சிக்குடு."

பிடித்தான். அவள் பெரியப்பாவின் இடுப்பில் ஒரு கை, முட்டியில் ஒரு கை வைத்து, கதவைத் திறப்பதுபோல ஒரே அசைவில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகைத் துடைத்தாள், ஸ்பிரிட் தடவினாள், பவுடர் போட்டாள், கீழே விரித்திருந்த துணியில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. தோல் பழுதில்லாமல் இருந்தது.

"ரெண்டு மணிக்கு ஒரு தபா இப்பிடிப் பொரட்டணும். இல்லாங்காட்டி முதுகு அழுவிப் பூடும்."

வாசலுக்கு வந்து சடகோபன் மெதுவாகக் கேட்டான். "இன்னும் எத்தனை நாள் இருக்கும்?"

"நான் இன்னா எமனா? சோறு எறங்குது, மூத்திரம் போவுது, நெஞ்சு நல்லா கீது. பாத்துக்க ஆளு இருந்தா ரெண்டு வருசம் இருப்பாரு."

அவன் முகம் விழுந்தது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "கவலப்படாத தம்பி. நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இத்தினி சாதி சனம் கீதுன்றாரு, வந்து பாத்தவன் நீ ஒருத்தன்தான். உன் விலாசம் எழுதிக் குட்த்துட்டுப் போ."

உள்ளேயிருந்து பெரியப்பா கோணிய வாயால் ஏதோ சொன்னார். செங்கம்மாள்தான் அதை எடுத்துச் சொன்னாள். "சடகோபன் விலாசத்தை செவுத்துல எழுதச் சொல்றாரு. காயிதம் தொலஞ்சு பூடுமாம்."

சடகோபன் பென்சிலால் சுவரில் எழுதினான்.

ஆனி கடைசியில் கார்டு வந்தது.

மத்தியானத் தளிகை முடிந்து குளத்து மூலையில் வந்துகொண்டிருந்தான். தபால்காரர் கலியன் சைக்கிளை நிறுத்தினார். கார்டுகளைப் படித்துவிட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். ஊரில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"பொன்னேரி கார்டு, சாமி. உங்க பெரியப்பாருக்கு…"

சடகோபன் கார்டின் தலைமாட்டைப் பார்த்தான். அங்கே 'ஸ்ரீ:' இல்லை. அவன் குடும்பத்தில் பால் கணக்கு எழுதினால்கூட முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். சாவுச் செய்திக்கு மட்டும்தான் மேலே வெறுமையாக விடுவது. ஓரத்தில் கரி படிந்த ஒரு விரல் அடையாளம் வேறு. கையெழுத்தும் அவனுக்குத் தெரியாதது.

"சொல்லாதீங்கோ!" என்று கத்திவிட்டான். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

கலியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இன்னா வந்துச்சு? உங்க கார்டு, உங்க பேஜாரு." மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

கார்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி சடகோபன் நின்றான். தீட்டு விதி அவனுக்கு மனப்பாடம். செத்த பத்து நாளுக்குள் செய்தி தெரிந்தால் மிச்ச நாளெல்லாம் தீட்டு. அந்தத் தீட்டு அவனுக்கு உதவாது. வீடே துக்கம் காக்கும், அப்பா எல்லோரையும் பொன்னேரிக்கு இழுத்துக்கொண்டு போவார், பத்தாம் நாள் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். பத்து நாள் கழிந்த பிறகு செய்தி தெரிந்தால் கதை வேறு. தெரிந்த நாளிலிருந்து மூன்று நாள், அவ்வளவுதான். கோயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும். காரியம் கிடையாது, அவனைத் தேடுவார் கிடையாது. பாக்கியராஜுக்குப் பட்டறையில் லீவு ஆடி இருபதாம் தேதிதான். பதினெட்டாம் பெருக்குக் கூட்டமும் அப்போது வடிந்திருக்கும், அருவியில் தண்ணீர் நிறைய இருக்கும், கோயிலில் கூட்டம் நெரியும் ஆடி அமாவாசைக்கு முன் திரும்பி வந்துவிடலாம். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின.

செய்தியைக் கேட்டால்தான் தீட்டு. படிக்காத கார்டு கேட்காத செய்தி. அவன் அப்படித்தான் வைத்துக்கொண்டான். கார்டை ரயில்வே கைடுக்குள் செருகி, சாவுக் கடிதம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதால் மாட்டுக்கொட்டகைக் கூரை இடுக்கில் சொருகினான். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான்.

பாக்கியராஜிடம் மட்டும், "ஆடி இருபது. டிக்கெட்டுக்குச் சொல்லி வை," என்றான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுத்து. கேட்காதே."

இருபத்து நாலு நாள் போயின. சடகோபன் தினமும் குடம் குடமாக இறைத்தான், பொங்கலுக்கு மிளகு தட்டினான். ஒரு விஷயம் அவனை அவ்வப்போது உறுத்தியது. ஒருத்தர் செத்தால் பங்காளி வீடு எல்லாவற்றுக்கும் கார்டு போகும். அப்பாவுக்கு ஏன் வரவில்லை? திருவாலங்காட்டுச் சித்தப்பாவுக்கு ஏன் வரவில்லை? கோபால் வடக்கத்தி ஆளாகிவிட்டான், முறையெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த இடத்திலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். மூன்று நாளும் கைக்கு எட்டிவிட்டவனுக்கு விளங்குமா?

ஆடி இருபதாம் தேதி மத்தியானம், அடுப்படியிலிருந்து வந்ததும் பையைக் கட்டினான். இரண்டு வேட்டி, துண்டு, ஒரு ஜாடி புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் மேலே மிதக்க, ஜாடி வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான். பிறகு கொல்லைக்குப் போனான். கார்டை எடுத்துப் படிக்க வேண்டியது, "பெரியப்பா போயிட்டாராம்" என்று உள்ளே போய்ச் சொல்ல வேண்டியது, தலைக்கு ஊற்றிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டியது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

கார்டில் இப்படி எழுதியிருந்தது:

"சடகோபன் தம்பிக்கு செங்கம்மா எழுதறது. ஐயிரு நல்லா கீறாரு. என் பொண்ணுக்கு மாசம் ஆச்சு. அவளுக்கு மாமியா இல்ல, நான் பழவேற்காடு போயே ஆவணும். பதினஞ்சு நாளு. சம்பூர்ணம்னு ஒருத்திய உட்டுட்டுப் போறேன். கஞ்சி ஊத்துவா, பொரட்ட மாட்டா, அவளுக்கு இடுப்பு வலி. பொரட்டலன்னா முதுகு பூடும். பிலாய்க்கு ரெண்டு கார்டு போட்டேன், பதிலு இல்ல. நீ ஒருத்தன்தான் வந்து பாத்த. ஐயிரும் உன் பேரத்தான் சொல்றாரு. நீ வந்து பதினஞ்சு நாளு இரு. முடியலன்னா உங்க ஊட்டுக்கு இட்டுக்கினு போ, நான் வண்டில ஏத்தி உடறேன். வெள்ளிக்கெழம நான் கெளம்பணும். அதுக்குள்ள வா."

இரண்டாம் தடவை படித்தான். பிறகு, யோசித்து வைத்திருந்த முகம் எதுவும் இல்லாமல், உள்ளே போய்க் கார்டை அப்பாவிடம் கொடுத்தான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தபால் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். "இது வந்து மூணு வாரத்துக்கு மேல ஆறதேடா?"

"ஆமாம்."

"எங்கே இருந்தது?"

"மாட்டுக்கொட்டாயில. நான்தான் வெச்சேன். படிக்கலை. 'ஸ்ரீ' போடலை, அதனால போயிட்டார்னு நினைச்சுண்டேன்."

அவன் மற்றதையும் சொன்னான், மூன்று நாளையும், அருவியையும். அப்பா கையை ஓங்கவில்லை. அண்ணி வைஜயந்தி மட்டும், "ஐயோ, பின்கட்டுல ரூம் சும்மாத்தானே கிடக்கு, இங்கேயே கொண்டு வந்திருக்கலாமே," என்றாள்.

"போ," என்றார் அப்பா. "இப்பவே கிளம்பு. மடைப்பள்ளியை நானும் ரங்காவும் பார்த்துக்கறோம்."

"அமாவாசை வரதே…"

"பார்த்துக்கறோம்னேன். போ."

இவ்வளவு சுலபமாக லீவு கிடைக்கும் என்று சடகோபனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பையைப் பிரிக்க நேரமில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினான். ஸ்டேஷனில் பாக்கியராஜ் முன்கூட்டியே வந்து, புதுச் சட்டையோடு நின்றிருந்தான்.

"இன்னாடா மூஞ்சி இப்பிடிக் கீது? பெரியப்பா செத்துட்டாருன்னு இப்பத்தான் அழுவுறியா?"

"சாகலைடா."

"இன்னாது?"

"உசிரோட இருக்கார். நான்தான் படிக்கலை."

பாக்கியராஜ் கார்டை வாங்கிப் படித்தான். அவன் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். அன்று கார்டை மட்டும் திருப்பிக் கொடுத்தான். "நான் வரட்டா?" என்றான். சடகோபன் தலையாட்டி மறுத்தான். மேற்கே போகும் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மெட்ராஸ் பக்கம் போகும் வண்டி முதலில் வந்தது. பேசின் பிரிட்ஜில் இறங்கி, கூடூர் மார்க்கத்து வண்டிக்கு மாறி, விளக்கு வைக்கும் நேரத்தில் பொன்னேரி போய்ச் சேர்ந்தான்.

வாசலிலேயே வாடை தெரிந்தது. செங்கம்மாள் திரும்பி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "கையக் கழுவிக்கினு வா," என்றாள்.

பெரியப்பா கண் திறந்தார். பாதி ஆளாகியிருந்தார். நாள் கிழமையெல்லாம் அவருக்குக் குழம்பிப் போயிருந்தது. சடகோபனை அடையாளம் கண்டதும் நல்ல பக்கத்துக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் பேசியது செங்கம்மாள் சொல்லாமலே புரிந்தது.

"கார்டு போட்டதும் வந்துட்டே பாரு."

செங்கம்மாள் சடகோபனைப் பார்த்தாள். பெரியப்பா எதிரில் ஒன்றும் சொல்லவில்லை.

"தோளப் புடி," என்றாள்.

ஒருக்களித்துத் திருப்பினார்கள். பங்குனியில் பழுதில்லாமல் இருந்த முதுகில், இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி. விளிம்பெல்லாம் கறுத்திருந்தது. நடுவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. எலும்பு அது என்று அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. குதிகாலிலும் தோளிலும் சின்னதாக இன்னும் இரண்டு.

"வாந்தி வந்தா வெளில போய் எட்த்துட்டு வா. வந்து திரும்பப் புடி."

அவன் போனான், வந்தான், பிடித்தான்.

ஆறு நாள் இப்படிப் போயிற்று. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துப் புண்ணைக் கழுவுவது, செத்த சதையை எடுப்பது, வேகவைத்த துணியை வைத்துக் கட்டுவது, கீழே வாழையிலை விரிப்பது, சைக்கிள் டியூபைக் கட்டிக் காற்றடித்து இடுப்புக்குக் கீழே வளையமாக வைப்பது. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டுவது. டாக்டர் ஒருவர் வந்து ஊசி போட்டார். ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சடகோபன் சமைக்கவில்லை. பயணத்துக்குக் கட்டிய புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து அவனும் தின்றான், செங்கம்மாளுக்கும் போட்டான். அவள் வடித்த சோறுதான்.

"இன்னா தம்பி, கல்யாண ஊட்டு ருசியா கீது. இங்க வர்றதுக்கா செஞ்ச?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"இல்லை," என்றான். அவளுக்கு இன்னும் கொஞ்சம் போட்டான்.

பெரியப்பாவுக்கு நினைவு வந்தபோதெல்லாம் அவனைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்தாலும் சொன்னார், டாக்டரிடமும் சொன்னார். கார்டு போட்டதும் வந்துட்டான். லட்சுமியம்மாள் நிஜமாகவே கண் கலங்கி, "இந்தக் காலத்துல யாரு வரா?" என்றாள். சடகோபன் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான்.

அமாவாசைக்கு மறுநாள் காலை, துணி மாற்றும்போது, அவர் போய்விட்டார். செங்கம்மாள் மூக்குக்கு முன் கையை வைத்துப் பார்த்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டினாள். புண்ணுக்குப் புதுத்துணி வைத்துக் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தாள்.

சடகோபன் எல்லாப் பங்காளி வீட்டுக்கும் கார்டு எழுதினான். மேலே எதுவும் போடாமல். பிலாய்க்குத் தந்தி போயிற்று. அப்பாவும் ரங்காவும் வந்தார்கள், கோபால் வரத் தாமதமானதால் அப்பாவே கொள்ளி வைத்தார். மூன்றாம் நாள் கோபால் வந்து மிச்சக் காரியத்தை எடுத்துக்கொண்டான். ஆக, பத்து நாள் முழுத் தீட்டு சடகோபனுக்குக் கிடைத்தது. கையில் செய்ய ஒன்றும் இல்லாமல் அவன் பொன்னேரியிலேயே கிடந்தான்.

நாலாம் நாள் செங்கம்மாள் கிணற்றடியில் ரப்பர் விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான்.

"இப்ப சொல்லு," என்றாள், நிமிராமல். "கார்டு எப்ப கெடச்சுது?"

"ஆனி கடைசியில. நீங்க போட்ட மறுநாளே."

பங்குனியில் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருந்தான். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"அப்பால ஏன் வர்ல?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மேலே 'ஸ்ரீ' இல்லாததை, தீட்டுக் கணக்கை, மாட்டுக்கொட்டகையை, அருவியை. அப்பாவிடம் சொன்னதைவிட இது நேரமெடுத்தது. தீட்டு எப்படி வரும் எப்படிப் போகும் என்று அவளுக்கு ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. அவள் குறுக்கே பேசாமல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதப் போடணும்னு எனக்குத் தெரியாது," என்றாள் கடைசியில்.

"உங்க மேல தப்பே இல்லை."

"எம்மேல இன்னா தப்பு? நான் தெரியாதுன்னுதான் சொன்னேன்." விரிப்பைத் திருப்பிப் போட்டாள். "ஊத்து."

ஊற்றினான்.

"பாரு தம்பி. நீ வந்திருந்தாலும் அந்த ஆளு ஒரு நாளு போய்த்தான் இருப்பாரு. படுத்த ஆளு. ஆனா அந்தப் புண்ணு வந்திருக்காது. அம்மாம் வலியில போயிருக்க மாட்டாரு. அது ஒண்ணு நெசம், அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அவர் கடைசி வரைக்கும், நான் உடனே வந்துட்டேன்னு…"

"நெனச்சிக்கினு போனாரு. அது அவருக்கு. உனக்கு இல்ல." விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "குடத்த எட்த்து வை. வழுக்கும்."

அவள் அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. அடுத்த வாரமே மீஞ்சூரில் வேறொரு படுத்த கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். அவள் வேலை அது.

சடகோபன் பதினோராம் நாள் மடைப்பள்ளிக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு கலியன் கார்டு கொண்டுவந்தால், தெருவிலேயே நிறுத்தி, "என்ன எழுதியிருக்கு, சொல்லுங்கோ," என்று கேட்டு வாங்கிக்கொள்வான். சாவாக இருந்தால் அங்கேயே நின்று முழுக்கக் கேட்பான். பெருமாள் சேவைக்குப் போகிற வழியில் இப்படிக் கேட்டு இரண்டு தடவை தீட்டாகி, அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான். தெருவில் யாராவது படுக்கையாகிவிட்டால் அவனைக் கூப்பிடுவார்கள். ஒரு கை இடுப்பில், ஒரு கை முட்டியில் வைத்துப் புரட்டிவிட்டு, துணிச் சுருக்கத்தை இழுத்துவிட்டு, திரும்பக் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போவான். புண்ணியம் பண்ணுகிறான் என்றார்கள்.

பாக்கியராஜ் அந்த ஆடியில் பென்னாகரத்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்தான். அருவி எப்படி இருந்தது என்று சடகோபன் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 1977இல் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே போவதற்கு முன் ஒரு சாயங்காலம் அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இந்த ஆடிக்காவது போலாமாடா? ரெண்டு நாளு. எந்தங்கச்சி ஊட்ல சொல்லி எம்பொண்டாட்டி எல்லாம் ஏற்பாடு பண்ணிக் குடுப்பா. சோறு நீயே வடிச்சிக்க."

"லீவு வேணுமே."

"உங்கப்பாரக் கேளேன். உட மாட்டாரா?"

"கேட்டா விட்டுடுவார்," என்றான் சடகோபன்.

"அப்ப கேளு."

மேற்கே போகும் பாசஞ்சர் வந்து நின்று, கொஞ்ச நேரம் மூச்சுவிட்டு, கிளம்பிப் போயிற்று. விளக்கு வைக்கிற நேரம். சுண்டலுக்குத் தாளிக்க வேண்டும். சடகோபன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அப்பாவை அவன் கேட்கவில்லை. அந்த வருஷமும் கேட்கவில்லை, அதற்கு அடுத்த வருஷமும் கேட்கவில்லை.